வைத்தியக் கல்வியும் நோயாளர் மொழியும்

வைத்தியக் கல்வியைக் குறித்து நம் நாட்டில் எழும் வாதங்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே சுற்றி வருகின்றன. எத்தனை கலாசாலைகள், அவற்றில் எத்தனை இடங்கள் என்பது ஒன்று. அவ்விடங்களுக்கு மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் பரீட்சை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவை வேண்டாத வாதங்கள் என்று யாம் சொல்லோம். ஆயினும், இடம் பெற்று உள்ளே புகுந்த மாணாக்கனுக்கு அங்கே எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. நம் கல்லூரியில் உயிர்நூல் பயின்றோருள் வைத்தியத்துக்கும், தாதியர் கல்விக்கும், மருந்தியலுக்கும் செல்வோர் உளராதலின், அப்பொருளைப் பற்றிச் சிறிது எழுதுதல் இச்சஞ்சிகைக்கு அயலானதன்று என்று கருதுகிறோம்.

வைத்தியத்தைப் பிரசங்க மேடையினின்றும் நோயாளியின் கட்டிலருகே கொண்டுவருதற்குப் பல தலைமுறைகள் சென்றன. ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிலே பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெர்மன் பூர்ஹாவே என்னும் பேராசிரியர் பன்னிரண்டே கட்டில்களைக் கொண்டு, ஆறு ஆடவர்க்கும் ஆறு பெண்டிர்க்குமாக, மாணாக்கரைச் சூழ நிறுத்தி நோய் நாடக் கற்பித்தார். ஐரோப்பாவின் பல பகுதிகளினின்றும் மாணாக்கர் அப்பன்னிரண்டு கட்டில்களை நாடி வந்தனர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஆஸ்லர் மாணாக்கரை வார்டுக்குள்ளேயே வேலைபார்ப்பவராக அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் சில நோயாளரை ஒப்புவித்தார். 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியப் பள்ளிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆய்வுக்கூடமும் ஆஸ்பத்திரியுமின்றிப் பணம் ஒன்றையே கருதி நடந்த பள்ளிகள் பல மூடப்படுதற்குக் காரணமாயிற்று. (அதே அறிக்கையால் நீக்ரோவர்க்கென்று அந்நாளில் வழங்கிய பள்ளிகளுள் இரண்டு தவிர ஏனைய நிலைபெறாது போயின என்பதையும் மறைத்தலாகாது.) 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலை, பாடங்களை உடற்கூறு, உடலியல் எனத் தனித்தனியே பிரித்து ஓதுவதை விடுத்து, ஒரு நோயாளியின் வரலாற்றையே பாடமாக வைத்துச் சிறு குழுக்களில் மாணாக்கர் தாமே வினவித் தாமே தேடும் முறையைத் தொடங்கியது. 1975இல் ஸ்காத்லாந்தின் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் என்பார் புதியதொரு பரீட்சை முறையை வெளியிட்டார். மாணாக்கன் பல நிலையங்களில் வரிசையாகச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிட அளவில் ஒரு செயலைச் செய்து காட்டுதல் வேண்டும். அனைவர்க்கும் ஒரே செயல், ஒரே மதிப்பெண் பட்டி. அறிந்திருத்தல், செய்யும் வகை அறிந்திருத்தல், செய்து காட்டுதல், தொழிலிலே மெய்யாகச் செய்தல் என்ற நான்கு படிகளை 1990இல் ஜார்ஜ் மில்லர் வகுத்தார். நம் இந்தியாவிலும் 2019 முதல் திறன்களை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் வைத்தியப் பட்டப் படிப்பில் வந்துள்ளது. முதலாண்டு மாணாக்கனும் நோயாளியைக் காண வேண்டும் என்பதும், நோயாளியோடு பேசும் நெறி பாடமாகவே வைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் பகுதிகள்.

இவையனைத்தும் நல்லனவே. ஆனால் இச்சீர்திருத்தங்களுள் பெரும்பாலானவற்றின் அடியில் சொல்லப்படாத ஓர் எண்ணம் கிடக்கின்றது: மாணாக்கன் கற்கும் மொழியும் நோயாளி பேசும் மொழியும் ஒன்றே என்பது அது. ஆஸ்லரின் மாணாக்கர்க்கும் ஹார்டனின் மாணாக்கர்க்கும் அது உண்மை. பூர்ஹாவேயின் காலத்தில் அவ்வாறில்லை. அவர் லத்தீனிலே பிரசங்கித்தார், கட்டிலில் கிடந்தவரோ டச்சு மொழியே அறிந்தவர். அந்நூற்றாண்டிலேயே ஸ்காத்லாந்தில் வில்லியம் கல்லன் லத்தீனைத் துறந்து ஆங்கிலத்தில் வைத்தியம் ஓதத் துணிந்தார். ஆங்கிலம் வைத்தியத்துக்குத் தகுதியற்ற நாட்டுமொழி என்று எண்ணிய பெரியோர் இருந்த காலமும் ஒன்று உண்டு என்பதை நம்மவர் அறிதல் நன்று.

நம் நாட்டு மாணாக்கன் நிலை யாது? அவன் ஆங்கிலத்தில் படிக்கிறான். ஆங்கிலத்தில் பேராசிரியர்க்கு நோயாளியின் வரலாற்றை ஒப்புவிக்கிறான். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறான். இடையே, பரீட்சகர் எவரும் செவிசாயாத ஒரு சிறு பொழுதில், தமிழிலே நோயாளியோடு பேசுகிறான். நோய் அறிதல் முழுவதும் தொங்குவது அச்சிறு பொழுதிலேதான்.

உதாரணமாக ‘மயக்கம்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் இதனைச் சொல்லாத நோயாளர் அரியர். தன்னைச் சுற்றி வீடு சுழல்வது போன்ற தோற்றத்தையும் மயக்கம் என்பர். எழுந்து நிற்கையில் கண் இருண்டு விழப்போவது போல் வருவதையும் மயக்கம் என்பர். முற்றும் நினைவிழந்து விழுந்ததும் மயக்கமே. நடக்கையில் தள்ளாடுவதும், உறக்கச் சோர்வும், பசிக்களையும், சிலரிடத்து வலிப்புங்கூட அப்பெயரால் வழங்கும். இவற்றுள் முதலாவது பெரும்பாலும் உட்காதைச் சார்ந்தது. இரண்டாவது இரத்தக் குறைவாலோ, இரத்த அழுத்தம் தாழ்வதாலோ, இருதயத் துடிப்பின் பிழையாலோ வருவது. நீரிழிவுக்கு மருந்துண்பவரிடத்து அது இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததன் அடையாளமாகி உடனே பரிகாரம் வேண்டுவதாகலாம். மாணாக்கன் இவையெல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக மாற்றி எழுதிவிடுவானாயின், அவன் பேராசிரியர் அதன்மேல் எத்துணை நுட்பமான ஆராய்ச்சி நடத்தினும் யாது பயன்? பிழை ஆராய்ச்சியில் இல்லை. மொழிபெயர்ப்பில் முன்னரே நுழைந்துவிட்டது. “மயக்கம் என்றால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்புகிறதா?” என்று தமிழில் ஒரு வினா மேலும் வினவக் கற்றவன் பாதி வழி சென்றவனாவான். இவ்வினா எப்பாடநூலில் அச்சிடப்பட்டுள்ளது?

‘கடுப்பு’ என்பதும் இத்தகையதே. நீர்க்கடுப்பு வேறு, வயிற்றுக்கடுப்பு வேறு, கால் கடுப்பு வேறு. ஒன்று சிறுநீர் வழியைச் சார்ந்தது. ஒன்று சீதபேதியின் குறி. ஒன்று வெறும் உழைப்பின் அயர்வு. ‘முழுகாமல் இருக்கிறேன்’ என்று ஒரு பெண் நாணத்தோடு சொன்னால், அவள் குளியலைப் பற்றிப் பேசவில்லை; தான் கருவுற்றிருப்பதைச் சொல்லுகிறாள். அதனை அறியாத இளைஞன் அவளை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிடக்கூடும். அல்லது கருவுக்கு ஆகாத மருந்தை எழுதிவிடக்கூடும். நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று வந்த தமிழ்ப் பிள்ளைகளே இத்தொடரின் பொருளை அறியாதிருத்தல் இக்காலத்தில் வியப்பன்று.

எல்லாவற்றினும் கொடிது ‘வாய்வு’. நெஞ்சில் இறுக்கமும், இடது தோளில் வலியும், வியர்வையும் வந்த ஒருவர் அதனை ‘வாய்வுப் பிடிப்பு’ என்றோ, இந்நாள் வழக்கின்படி ‘கேஸ்’ என்றோ தாமே பெயரிட்டுக்கொண்டு வருகிறார். அது நோயாளியின் அறியாமை என்று நகைப்பது எளிது. இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபடுகையில் ஏப்பமும் வயிற்றின் மேற்புறத்து எரிவும் உண்மையிலேயே தோன்றுதல் உண்டு. ஆதலின் அவர் தாம் உணர்ந்ததையே சொல்லுகிறார். அவர் சொன்ன பெயரை ஏற்று அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவதா, பெயரை விலக்கி, அவர் உணர்ந்தது யாது, எங்கே, எப்பொழுது, நடந்தால் மிகுகிறதா என்று வினவி உடனே இருதய மின்வரைவு எடுப்பதா என்பதில் ஓர் உயிர் நிற்கின்றது. நோயாளி சொல்லும் பெயர் வேறு, உணரும் துன்பம் வேறு என்று பிரித்தறியும் இத்திறன் மொழியைச் சார்ந்தது. அதனைக் கற்பிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கிய கால அட்டவணையை யாம் கண்டதில்லை.

இவ்விடத்திலே மிஷன் ஊழியரான ஒருவரை நினைவு கூர்தல் பொருந்தும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்திய வகுப்பும் அமைத்தார். இந்தியாவில் அக்காலத்து நிலை இவருக்கு மாறானது. 1822இல் கல்கத்தாவில் நாட்டு மொழிகளில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய பள்ளி 1835இல் மூடப்பட்டு, அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஓதும் வைத்தியக் கலாசாலை எழுந்தது. அதே ஆண்டில் சென்னையிலும் வைத்தியப் பள்ளி தோன்றியது. காற்று ஆங்கிலத்தின் பக்கமே வீசிற்று. கிறீனும் முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். ஆயினும், ஆங்கிலத்தில் தேர்ந்தோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டணங்களுக்குப் போய்விடுகின்றனர், கிராமத்தார்க்கு வைத்தியர் இல்லை என்பதைக் கண்டு, தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின் தமிழிலே கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். அவர் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியருள் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்.

வகுப்புத் தொடங்கினால் போதுமா? நூல் வேண்டாமா? கட்டரின் உடற்கூற்று நூல், மான்செலின் பிரசவ வைத்தியம், துரூயித்தின் இரண வைத்தியம், கிரேயின் உடற்கூற்று நூலாகிய ‘மனுஷ அங்காதிபாதம்’, ஊப்பரின் ‘வைத்தியாகரம்’, வெல்சின் ‘கெமிஸ்தம்’ முதலாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் அவரும் அவருடைய தமிழ் மாணாக்கரும் கூடிப் பெயர்த்தனர். மாணாக்கரும் கூடி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடும் மாணாக்கன் அப்பொருளை விளங்கிக்கொள்ளாது அதனைச் செய்ய ஒல்லாது. இதுவே ஒரு போதனா முறையாயிற்று. கலைச்சொல் காண்பதிலும் அவர் பிடிவாதம் கொண்டாரல்லர்: தமிழில் வழங்கும் சொல் கிடைப்பின் அதனைக் கொண்டார், இல்லையேல் வடசொல்லை நாடினார், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வார்த்தார். ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரே அம்மூன்றாம் வழிக்குச் சான்று.

கிறீனைப் புகழ்வார் பலர். அவருடைய முயற்சி ஏன் நிலைபெறவில்லை என்று ஆராய்வார் சிலர். 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. உத்தியோகமும் மதிப்பும் அதன் வழியே சென்றன. 1873இல் கிறீன் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் 1884இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். ஆயினும் ஒருவர் தோள்மேல் நிற்கும் கட்டடம் அவர் நகர்ந்தால் நில்லாது. இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. கிரேயின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1858இல், தமிழில் 1872இல். பதினான்கு ஆண்டு இடைவெளி. எலும்பும் நரம்பும் பதினான்கு ஆண்டில் மாறுவனவல்ல ஆதலின் அங்கே தாழ்வில்லை. ஆனால் ‘இரண வைத்தியம்’ தமிழில் அச்சேறிய 1867ஆம் ஆண்டிலேயேதான் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் திராவகத்தால் புண்ணைச் சீழ் கொள்ளாமற் காக்கும் முறையை உலகுக்கு வெளியிட்டார். தமிழ் நூலின் மை உலருமுன் இரண வைத்தியம் வேறொரு சாஸ்திரமாய் மாறத் தொடங்கிற்று. மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து பெட்டியில் வைக்கும் பொருளன்று. பதிப்புக்குப் பதிப்பு அதனைத் தொடர்ந்து செய்வோர் கூட்டமும் அதற்கென்று செல்வமும் வேண்டும். இவ்விரண்டும் கிறீனுக்குப் பின் இல்லை. அரசின் ஆதரவோடு, 1918இல் நிறுவிய உஸ்மானியா சர்வகலாசாலை வைத்தியத்தையும் உருதுவில் ஓதி வந்ததே. அந்த அரசு போனபின் அதுவும் நின்றது.

2022 அக்டோபரில் போபாலில் ஹிந்தி மொழியில் வைத்தியப் பட்டப் படிப்பின் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது, தமிழிலும் அவ்வாறே செய்க என்ற குரல் இங்கு எழுந்தது. யாம் அதனை எதிர்ப்போமல்லோம். தமிழுக்கு அவ்வாற்றல் உண்டென்பதைக் கிறீன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்; அதை இனியும் மேடைதோறும் நிறுவ வேண்டுவதில்லை. எம் கருத்து வேறு. பாடநூல் முழுவதையும் தமிழாக்குதல் பெரும்பணி. அது முடியும் வரை காத்திருத்தல் கூடாது. முடிந்தபின்னும், நாள்தோறும் வெளியாகும் ஆராய்ச்சிகளை அறிய ஆங்கிலம் வேண்டியதே. ஆனால் நோயாளியின் வாய்மொழியைக் கேட்டல், அதனைப் பிரித்தறிதல், நோயையும் மருந்தையும் அவர்க்கு விளங்கச் சொல்லுதல் என்னும் பகுதியைத் தமிழில் கற்பித்துத் தமிழில் பரீட்சித்தல் இன்றே இயலும். அதற்குப் புதிய கட்டடம் வேண்டா. நாலாயிரம் பக்கமும் வேண்டா. ஹார்டன் வகுத்த பரீட்சை நிலையங்களுள் இரண்டைத் தமிழ் நிலையங்களாக்கினால் போதும். ஒன்றில் நோயாளி போல் பயிற்றப்பட்ட ஒருவர், “ரெண்டு நாளா ஒரே மயக்கமா வருது டாக்டர்” என்று அமர்ந்திருப்பார். மற்றொன்றில், சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசி புதிதாய்த் தொடங்கும் ஒரு பாட்டிக்கு அதனை விளக்கி, “இனி நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள், சொல்லுங்கள் அம்மா” என்று அவரைத் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். விளங்கிற்றா என்று கேட்டால் நம் மக்கள் மரியாதை கருதித் தலையசைப்பர். திருப்பிச் சொல்லச் செய்தாலன்றி உண்மை வெளிப்படாது. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள் என்றால், காலைக் காபியைச் சாப்பாட்டில் சேர்க்காதவர் நம் ஊரில் எத்தனை பேர்!

பரீட்சையில் வைக்கப்படாத எதனையும் மாணாக்கர் கற்பதில்லை என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்தது. ஆதலின்தான் பரீட்சையிலிருந்து தொடங்குகிறோம்.

இதற்கு எழும் மறுப்புகளுள் ஒன்று வலியது. அரசாங்க வைத்தியக் கலாசாலை இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து இந்தியா முழுமைக்கும் உரியன. பிற மாகாணத்து மாணாக்கர் அவ்வழியே இங்கு வருகின்றனர். தமிழறியாத அவர்களைத் தமிழில் பரீட்சித்தல் நீதியாகுமா என்பர். ஐந்தரை ஆண்டு தமிழ் நோயாளரிடத்தே தொழில் கற்கும் ஒருவர் அவர்களோடு பேசக் கல்லாது பட்டம் பெறுதல் நோயாளிக்கு நீதியாகுமா என்பதே எம் எதிர்வினா. 2019இன் பாடத்திட்டத்தில், தொடக்கத்து அடிப்படைப் பயிற்சியிலேயே உள்ளூர் மொழிக்கும் இடம் தந்திருக்கின்றனர். அது பல இடங்களில் எழுத்து கற்பிப்பதோடும், நலம் விசாரிக்கும் நாலு வாக்கியங்களோடும் நின்றுவிடுகிறது. அவர்கள் எழுதப் படிக்கத் தேவையில்லை. ‘முழுகாமல் இருத்தல்’ எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொல்லன்று, கேட்டறியும் சொல். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி சமமாகவே வேண்டும் என்பதை மேலே கண்டோம்.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது மற்றொரு மறுப்பு. கற்பிக்க வேண்டியவர் பேராசிரியர் மட்டும்தானா? வார்டில் இருபது ஆண்டு பணிபுரிந்த தாதியம்மையார்க்கு இச்சொற்களெல்லாம் மனப்பாடம். நள்ளிரவில் பிரசவ வார்டில் இளம் டாக்டர்க்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் இடையே துபாஷியாய் நிற்பவர் அவரே. அவருக்கு ஆசிரியர் என்னும் பெயரும், அதற்குரிய மணி நேரமும், ஊதியமும் கொடுத்தல் தகும். தாதியரை டாக்டர்க்குப் போதகராக அமர்த்துதல் தகுதிக்குக் குறைவென்று நினைப்போர் இருப்பர். அவர்களுக்காக யாம் வருந்துகிறோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய பணியில், 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பெண்களுக்கான வைத்தியப் பள்ளி 1918இல்தான் எழுந்தது. அவ்வரிசையிலேயே ஒரு பாடம் உண்டு. அக்கலாசாலையின் மாணாக்கர் இன்றும் கிராமத்தில் சில நாள் தங்கி, வீடுதோறும் சென்று மக்கள் வாழும் வகையைக் கண்டு வருகின்றனர். திண்ணையில் அமர்ந்து ஒரு மூதாட்டியின் வாயால் கேட்கும் நோய்க்கதை, வார்டில் கேட்பதினும் நீளமானது. பாதிக்குமேல் மருமகளைப் பற்றியது. ஆயினும் நோயின் காரணம் சிலபோது அப்பாதியிலேதான் இருக்கும்.

வேண்டுவது இன்னும் ஒன்றே: சொற்பட்டி. கிறீன் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பட்டி செய்தார். நமக்கு இப்போது வேண்டியது மறுதலையானது. நோயாளர் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவ்வூரில் எவ்வெப்பொருளில் வழங்குகிறது, அதன்மேல் வினவத் தக்க வினாக்கள் யாவை என்று காட்டுவது. திருநெல்வேலிச் சொல் தஞ்சாவூரில் விளங்காது. கொங்கு நாட்டுச் சொல் வட ஆர்க்காட்டில் வேறு பொருள் தரும். இப்பணிக்கு வைத்தியர் மட்டும் போதார். தமிழ் வகுப்பு மாணாக்கரும் உயிர்நூல் மாணாக்கரும் கூடிச் செய்யத்தக்கது இது. வரும் கோடை விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும் நம் மாணாக்கர், பாட்டியரிடமும் மருத்துவச்சியரிடமும் கேட்டு ஆளுக்கு இருபது சொற்கள் எழுதி வருவாராயின், அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தமிழ்த்துறையாரும், பொருள் சரிபார்க்கும் வேலையை வைத்தியத் தொழிலிலுள்ள நம் பழைய மாணவர் சிலரும் ஏற்க இசைந்துள்ளனர். சொல், ஊர், சொன்னவரின் வயது, பொருள் ஆகிய நான்கையும் எழுதுக. சொன்னவரின் பெயர் வேண்டா. தாள்களை ஜூலை முதல் வாரத்துக்குள் தமிழ்த்துறை அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம்.